ஆறாம் பாரத்துத் தீர்க்கதரிசி

1916 ஜனவரி 8, சனி

எங்கள் தலைமை ஆசிரியை மிஸ் ஹாலிஸ்டர், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துப் பெண்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. ஐரோப்பாச் சண்டையினால் கப்பல் தாமதித்து, போன வருஷத்து டைரி இந்த வருஷம் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் இதில் இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அடித்துவிட்டுச் சனி என்று எழுதினேன். ரூபவதி அடிக்கமாட்டேன் என்றாள். டைரிப்படி நடந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு ஒரு நாள் தள்ளிப்போகும் என்று சொன்னேன். உடனே அடித்தாள்.

முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதவேண்டுமாம். சரி. என் பெயர் சுகிர்தம். நிலக்கோட்டை. அப்பா இல்லை. அம்மா வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டும் மிஷன் ஊழியக்காரி. நான் திண்டுக்கல்லில் இந்த போர்டிங்கில் ஒன்பது வயசிலிருந்து இருக்கிறேன். வகுப்பில் வேடிக்கையாகப் பேசுகிறவள் நான்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

காலையில் கிணற்றடி வேலை எங்கள் முறை. மத்தியானம் வத்தலக்குண்டு அத்தான் பார்க்க வந்தார். அக்கா ஞானப்பூவின் வீட்டுக்காரர், பெயர் ஆசீர்வாதம். அங்கே மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அக்கா போன ஜூனில் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. மூத்தவள் சொர்ணாவுக்கு நாலு வயசு.

அத்தான் ஒரு சீப்பு சிறுமலைப் பழம் கொண்டுவந்தார். "நல்லாப் படிக்கிறியா?" என்றார். "படிக்கிறேன் அத்தான்" என்றேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் பழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேட்ரன் அம்மா மணி அடித்தார்கள்.

ஜனவரி 19, புதன்

மிஸ்ஸம்மா (மிஸ் ஹாலிஸ்டரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒஹையோ என்கிற தேசத்துப் பக்கம் ஹைஸ்கூல் படித்தபோது வகுப்பே சேர்ந்து போட்ட புத்தகத்தைக் காட்டினார்கள். எல்லாருடைய படமும் இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேட்ரன் அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் சீக்கிரமாகத் திருப்பினார்கள்.

ஒரு பக்கம் முழுக்க ஹாஸ்யம். மிஸ்ஸம்மா வாசித்தார்கள். "லத்தீன் வகுப்பில் ஹாரி ஏன் ஜன்னல் ஓரமாகவே உட்காருகிறான்? ரொட்டிக்கடை அந்தப் பக்கம் இருக்கிறது." வாசித்துவிட்டு அவர்களே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மிஸ்ஸம்மா சிரிக்கும்போது கழுத்தெல்லாம் சிவந்து போகிறது. அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். எங்களுக்கு விளங்கிவிட்டது என்று அவர்களுக்குச் சந்தோஷம். இன்னும் நாலு வாசித்தார்கள்.

அந்த ஊரில் பள்ளிக்கூடம் முடிகிறபோது வகுப்பு நாள் என்று ஒன்று கொண்டாடுவார்களாம். வகுப்புக்கு ஒரு தலைவி, ஒரு கோஷம். வகுப்புத் தீர்க்கதரிசி என்று ஒருத்தி எழுந்து, இருபத்தைந்து வருஷம் கழித்து யார் யார் எப்படி இருப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லவேண்டும். மிஸ்ஸம்மாவுக்குச் சொன்னது, கப்பல் முதலாளியைக் கட்டிக்கொண்டு நியூயார்க்கில் பத்து நாய் வளர்ப்பாள் என்று. "கப்பல் மட்டும் பலித்தது" என்றார்கள்.

ஏப்ரலில் நாங்களும் வகுப்பு நாள் நடத்தப்போகிறோம்.

ஜனவரி 22, சனி

அத்தான் வந்தார். பழம். என் வகுப்புப் பரிபூரணம் நாலு தின்றாள்.

பிப்ரவரி 2, புதன்

கோஷம் பழகினோம். அமெரிக்காவில் "ரா, ரா, ரா" என்று கத்துவார்களாம். அர்த்தம் கிடையாது, உற்சாகத்துக்காம். மிஸ்ஸம்மா முன்னால் நின்று கையை வீசிக் கத்திக் காட்டினார்கள். மூன்றாம் தரம் கத்தும்போது வாட்ச்மேன் நாயுடு வாசலை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து மூச்சு வாங்க நின்றார்.

"கூப்பிட்டீங்களா?" என்றார்.

நாயுடு வீட்டில் தெலுங்கு. தெலுங்கில் ரா என்றால் வாடா. கூப்பிடவில்லை என்று நாங்கள் விளக்கிச் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கூப்பிடுங்க, வர்றேன். பேரப்பிள்ளை எடுத்தவன் நான். கொஞ்சம் மரியாதையாக் கூப்பிடச் சொல்லுங்க" என்று என்னிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னார். மிஸ்ஸம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அதனால் எங்கள் கோஷம் இப்போது "வாங்க, வாங்க, வாங்க" என்று ஆகிவிட்டது. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

ரூபவதி தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். குரல் அப்படி. தீர்க்கதரிசி நான். வேறு யாருடைய பெயரும் வரவில்லை.

பிப்ரவரி 12, சனி

அம்மா வந்திருந்தாள். சொர்ணாவையும் கூட்டிவந்திருந்தாள். சொர்ணா இரண்டு மாதமாக நிலக்கோட்டையில் அம்மாவோடுதான் இருக்கிறாள். தலை சீவி, நெற்றிக்கு மேல் ரிப்பன் கட்டியிருந்தது.

போன தடவை ஓடிவந்து "சித்தி" என்று காலைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை வாசலிலேயே நின்றாள். அம்மா அவள் முதுகில் மெள்ளத் தட்டினாள். அதற்கப்புறம் சொர்ணா என்னைப் பார்த்து, "அம்மா" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி, சரியாகச் சொன்னேனா என்று பாட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

உச்சரிப்பில் குறை ஒன்றும் இல்லை.

அம்மா ஒரு டப்பா முறுக்கு கொடுத்தாள். உடம்பு இளைத்துவிட்டதாகச் சொன்னாள். போர்டிங்கில் எல்லாருக்கும் எல்லா அம்மாக்களும் அதையே சொல்கிறார்கள், பரிபூரணத்துக்கு மட்டும் அது உண்மை.

பிப்ரவரி 13, ஞாயிறு

பிரசங்கம் யோனா தீர்க்கதரிசியைப் பற்றி. மீன் வயிற்றுக்குள் மூன்று நாள். அவனைக் கக்கிவிட ஒரு கரையாவது இருந்தது.

பிப்ரவரி 16, புதன்

சோளம் குத்தினோம். இங்கே மேற்குக் காற்று அடித்தால் சுருட்டுக் கம்பெனிப் புகையிலை வாசனை வகுப்பு வரைக்கும் வருகிறது. ரூபவதி அல்ஜீப்ரா வகுப்பில் வரிசையாகத் தும்மினாள். கணக்குப் போடாமல் தப்பித்தாள்.

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸம்மா என்னை மட்டும் நிற்கச் சொன்னார்கள். ஜூனிலிருந்து சின்ன வகுப்பு எடுக்க ஒருத்தி வேண்டுமாம். இங்கேயே தங்கிக்கொண்டு இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தால், அதற்கப்புறம் மதராஸில் டிரெயினிங்குக்கு அனுப்புவார்களாம். "உன்னிடம் குழந்தைகள் சிரிக்கும். சிரித்தால் படிக்கும்" என்றார்கள். அவர்கள் தமிழில் எல்லாம் இப்படிச் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் வரும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 26, சனி

அத்தான் வந்தார். புதுச் சட்டை. யார் வாங்கிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அவரே, "அத்தை எடுத்துத் தந்தாங்க" என்றார். அத்தை என்றால் என் அம்மா. கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருந்ததுபோல, அடிக்கடி விரலை விட்டு இழுத்துக்கொண்டார். மேட்ரன் அம்மா மணி அடிக்குமுன்பே எழுந்துவிட்டார்.

சாயங்காலம் துணி மடிக்கிறபோது ரூபவதியிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ரூபி, எங்கம்மா என்னை அத்தானுக்குக் கட்டிவைக்கப் போறாங்க."

"எந்த அத்தான்?"

"எனக்கு இருக்கிறது ஒரே அத்தான்தானே. பழம் கொண்டு வர்றவர்."

ரூபவதி மடித்த துணியை எல்லாம் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பரிபூரணத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். பரிபூரணம், அப்படி என்றால் கல்யாணத்துக்கப்புறமும் சனிக்கிழமை பழம் வருமா என்று கேட்டாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இல்லை, நிஜம் என்று ஒரு தரம் சொன்னேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

திரும்ப எல்லாவற்றையும் மடித்தோம்.

மார்ச் 4, சனி

அம்மா. கல்யாணம் மே மாதம் என்று சொன்னாள். போதகர் ஐயாவிடம் கேட்டாயிற்றாம். அக்கா வீட்டுக்காரரைத் தங்கை கட்டிக்கொள்ள நம் சபையில் தடை இல்லையாம். அக்காவுக்கு வருஷம் திரும்புவதற்குள் வேண்டாம் என்று போதகரம்மா சொன்னார்களாம். அம்மாதான், பிள்ளை ஏங்கிப்போகிறது, சீக்கிரம் ஆகட்டும் என்றாளாம். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிப்பார்கள். ஓலை வாசித்துவிட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி.

"அம்மா, மிஸ்ஸம்மா எனக்கு இங்கே வேலை தர்றேன்னாங்க."

"தருவாங்க. உன்னை மாதிரி ஒருத்தி யாருக்குக் கிடைப்பா? அதுதான் மாப்பிள்ளை வீட்டுக்கே வேணும்னு சொல்றேன்."

"எனக்கு அவரைப் பார்த்தா அத்தானாத்தான் தெரியுது."

"கட்டிக்கிட்டப்புறமும் அத்தான்னுதானே கூப்பிடப்போறே" என்று அம்மா சிரித்தாள். அக்கா போனபிறகு அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 9, வியாழன்

தீர்க்கதரிசனம் எழுத உட்கார்ந்தேன். ரூபவதிக்கு ஆயிற்று: 1941-இல் திண்டுக்கல் கோவில் மணியை விற்றுவிட்டு, அந்த இடத்தில் ரூபவதியை உத்தியோகத்துக்கு வைப்பார்கள். அவள் ஒரு தரம் கூப்பிட்டால் நத்தம் வரைக்கும் ஜனங்கள் முழங்கால் போடுவார்கள். பரிபூரணம் ஒரு நாளும் ஜெபத்துக்கு நேரத்தில் வந்தவள் இல்லை. அவள் ரயில் ஓட்டப்போகிறாள். அதிலிருந்து ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் பாய் தலையணையோடு வருவார்கள்.

மற்ற மூன்று பேருக்கும் எழுதிவிட்டேன். இது எனக்குச் சுலபமாக வருகிறது. யாருக்கு வேண்டுமானாலும் எந்த ஊர், என்ன வேலை என்று உடனே தோன்றிவிடுகிறது.

எனக்கு நானே எழுதக்கூடாதாம். தீர்க்கதரிசிக்குத் தலைவி எழுதுவதுதான் ஒஹையோ வழக்கம்.

மார்ச் 18, சனி

பழம்.

மார்ச் 27, திங்கள்

பரீட்சை. சரித்திரம் நன்றாக எழுதினேன். பூகோளத்தில் ஒரு நதியை மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

சாயங்காலம் கூடத்தில் வகுப்பு நாள். பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள். பெண்கள் முன்னால் பாயில், ஆண்கள் பின்னால் பெஞ்சியில். அம்மா இரண்டாவது வரிசையில் ரூபவதியின் அம்மாவுக்குப் பக்கத்தில். அத்தான் கடைசி பெஞ்சியில் சொர்ணாவைத் தோளில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"வாங்க, வாங்க, வாங்க" என்று கோஷம் போட்டதும், வந்திருந்தவர்கள் எல்லாரும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். மிஸ்ஸம்மாவுக்குக் கழுத்து சிவந்துவிட்டது.

நான் வாசித்தேன். ஒவ்வொருத்தியும் தன்னுடையது முடிந்ததும் எழுந்து ஒரே ஒரு வரி பதில் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. பரிபூரணம், "நான் வர்ற வரைக்கும் ரயில் எப்படிப் புறப்படும்?" என்றாள். நாயுடு வாசலில் நின்றுகொண்டே சிரித்தார்.

கடைசியில் ரூபவதி எனக்கு எழுதியதை வாசித்தாள்.

"1941-ஆம் வருஷம். நான் மணி அடிக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வத்தலக்குண்டு வழியாகப் போகிறேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் வாழைத்தார், பின்னால் வாழைத்தார், நடுவில் ஆறு பிள்ளைகள். யாரென்று பார்த்தால் நம்முடைய சுகிர்தம். ஊருக்கெல்லாம் தீர்க்கதரிசனம் சொன்னவள், சனிக்கிழமை தவறாமல் பழம் கொண்டுவந்த அத்தானுக்கே வாழ்க்கைப்பட்டுவிட்டாள்."

பெண்கள் ஆறு பேரில் நான் தவிர எல்லாரும் சிரித்தார்கள். கீழே பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ரூபவதியின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். அம்மா தலையை ஆட்டினாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. பக்கத்து வரிசையிலிருந்து ஒருத்தர், "நல்ல காரியம். பிள்ளைக்கும் ஒரு ஆதரவு" என்றார்கள். அது அப்படியே பாய் பாயாகப் பின்னால் போயிற்று. பின்னால் ஆண்கள் திரும்பி அத்தானைப் பார்த்தார்கள். ஓலை வாசிக்க ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்லை, ரூபவதி வாசித்துவிட்டாள்.

நான் பதில் சொல்லவேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னமோ வேடிக்கையாக வரப்போகிறது என்று மிஸ்ஸம்மா முன்கூட்டியே சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"அது நடக்காது. எனக்கு இஷ்டம் இல்லை" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியவர்களும் சிரித்தார்கள். அம்மாவும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சொன்ன வேடிக்கைகளில் எதற்கும் இவ்வளவு சிரிப்பு வந்ததில்லை. ரூபவதி கும்பிட்டு முடிக்க என் கையைப் பிடித்தாள். பிடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "சுகி, அன்னிக்கு நீ சொன்னது..." என்றாள். அதற்குள் எல்லாரும் பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள்.

பாடும்போது பார்த்தேன். கடைசி பெஞ்சியில் அத்தான் எழுந்திருக்கவில்லை.

வண்டிகள் நிற்கிற இடத்தில் அவர் தனியாக நின்றார். அம்மா மிஸ்ஸம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். சொர்ணா தூங்கிப்போயிருந்தாள்.

"சுகிர்தம், மேடையில சொன்னியே, அது வேடிக்கைக்கா?"

"எல்லாரும் சிரிச்சாங்களே."

"அதை நான் கேக்கலை."

"வேடிக்கைக்கு இல்லை அத்தான்."

பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"அத்தை சொன்னாங்க, சொர்ணாவுக்காகன்னு. சரின்னுட்டேன். ஞானப்பூ போனப்புறம் யார் எது சொன்னாலும் சரின்னுடுறேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"நானும் சொல்லியிருக்கணும்."

"நீ பேசினா அவ குரல்தான். தெரியுமா உனக்கு? கண்ணை மூடிட்டுக் கேட்டா அவளேதான். சனிக்கிழமை சனிக்கிழமை அதைக் கேக்கத்தான் வந்தேனோ என்னமோ. அது உனக்கு நியாயமில்லை." அப்புறம், "அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார்.

ரூபவதி படுக்கையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். நான்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

ஏப்ரல் 11, செவ்வாய்

நிலக்கோட்டை. போர்டிங் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. மிஸ்ஸம்மாவிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. மே முடிவுக்குள் சொல்லவேண்டும்.

ஏப்ரல் 15, சனி

அத்தான் வந்தார். சொர்ணாவின் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டச் சொன்னார். நின்றபடியே அம்மாவிடம் சொன்னார். "அத்தை, எனக்கு மறுகல்யாணத்துல மனசு இல்லை. சொர்ணாவை நான் கூட்டிப் போறேன். எங்க சித்தப்பா வீட்டுப் பாட்டியம்மா ஒருத்தங்க வந்து இருக்கிறதாச் சொல்லியிருக்காங்க."

நான் அடுப்பங்கரையில் இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஊர் முன்னால பேர் சொல்லியாச்சு. இப்ப வந்து மனசு இல்லைங்கிறீங்க. என் பொண்ணு என்ன சந்தைல மிஞ்சின காயா?" என்றாள் அம்மா.

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். சொர்ணா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் 17, திங்கள்

அம்மா எனக்காக அயிரை மீன் குழம்பு வைத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, "நீ விசனப்படாதே. அவன் உனக்குச் சமானமே இல்லை" என்றாள். அத்தானை அம்மா ஒருமையில் பேசி நான் கேட்டது இதுவே முதல் தடவை.

இதைத்தானே கேட்டேன். கிடைத்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 20, வியாழன்

அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று. போதகரம்மா என் கன்னத்தைத் தடவி, கர்த்தர் வேறு வழி வைத்திருப்பார் என்றார்கள். கைவிடப்பட்ட பெண் என்று எல்லாரும் எனக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போடுகிறார்கள். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொள்கிறேன். வேறு எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 23, ஈஸ்டர்

ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா சொன்னாள், நாளைக்கு மதுரைக்குப் போய் மிஷன் துரையிடம் புகார் சொல்லப்போகிறேன் என்று. சபை வாத்தியார் வாக்குத் தவறினால் அவரை அந்த ஊரில் வைத்திருப்பார்களா பார்க்கிறேன் என்றாள். நல்ல புடவையை எடுத்து மடித்து வைத்தாள்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அத்தான் வேண்டாம்னு சொல்லலை. நான்தான் சொன்னேன்."

"எப்ப சொன்னே?"

"மேடையில."

"அது விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்கு இல்லை. அவர் ஒருத்தர்தான் கேட்டார், நிஜமான்னு. நிஜம்னேன். எனக்காகப் பழியை அவர் மேல போட்டுக்கிட்டார்."

முறம் நின்றது. அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அப்ப சொர்ணாவை யார் பாக்கிறது?"

"நான் பாக்கமாட்டேன்னு சொல்லலையே. அவருக்குப் பெண்டாட்டியா இருக்கமாட்டேன்னேன். என்னால முடியாதும்மா. அக்கா வீட்ல அக்கா பாய்ல போய் என்னால படுக்க முடியாது."

இதை இவ்வளவு பச்சையாகச் சொல்லுவேன் என்று நினைக்கவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரிசியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீ போகலேன்னா வேற ஒருத்தி வருவா. ஞானப்பூ வச்ச அடுப்புல அவ சமைப்பா. ஞானப்பூ பெட்டியைத் திறப்பா. ரெண்டு வருஷத்துல அந்த வீட்ல ஞானப்பூ பேரைச் சொல்ல ஆள் இருக்காது. நீ இருந்தா இருக்கும்னு பார்த்தேன்."

கிட்டப் போய் உட்கார்ந்தேன். தள்ளிவிடவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை.

ஏப்ரல் 24, திங்கள்

அம்மா மதுரைக்குப் போகவில்லை. என்னிடம் பேசவும் இல்லை.

ஏப்ரல் 26, புதன்

பேசவில்லை. தட்டில் சோறு வைக்கிறாள். மிஸ்ஸம்மாவின் வேலையைப் பற்றி நான் மறுபடி சொன்னேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29, சனி

ரூபவதி எழுதியிருந்தாள். அவளுக்கு நாளைக்கு நிச்சயதார்த்தமாம், போலீஸ் ரைட்டர். "மாப்பிள்ளைக்குக் காது மந்தம் என்கிறார்கள், எனக்குப் பொருத்தம்தான்" என்று எழுதியிருக்கிறாள். சிரித்துவிட்டேன். அடுப்பங்கரையில் அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

மே 3, புதன்

விடிந்ததும் வாசலில் வண்டி நின்றது. அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். மதுரைக்கோ என்று நினைத்தேன்.

"கிளம்பு. வத்தலக்குண்டுக்கு. அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றாள்.

வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தோம். அத்தான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து நின்றார். அம்மா மன்னிப்பு என்கிற வார்த்தையைச் சொல்லவில்லை. "மாப்பிள்ளை, தள்ளுங்க" என்று சொல்லி உட்கார்ந்து, மிச்சத் துணியை அவளே துவைத்தாள். அவர் என்ன செய்வது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அலசிக் கொடுத்தேன், அவர் கொடியில் போட்டார்.

பாட்டியம்மாள் காது கேளாதவர்கள், நல்லவர்கள். சொர்ணா தலையெல்லாம் பேன். மத்தியானம் முழுக்க அம்மா அவளை மடியில் போட்டு ஈர்கோலியால் வாரினாள்.

புறப்படும்போது அம்மா அத்தானிடம் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு நான் எங்கேயாவது பாக்கட்டுமா? நல்ல குணமா, ஞானப்பூ பேரைச் சொன்னா முகம் சுளிக்காதவளா?"

அதைக் கேட்க அம்மாவுக்கு எவ்வளவு ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

"இப்ப வேண்டாம் அத்தை. வேணும்னா உங்ககிட்டதான் சொல்லுவேன்" என்றார்.

சொர்ணா என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாக எடுக்க வேண்டியிருந்தது. அவள் அழுகிறது தெருமுனை வரைக்கும் கேட்டது. இதிலிருந்து நான் தப்பித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பாதி வழியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தினார்கள். அம்மா புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஜூன்ல உன்னைத் திண்டுக்கல்லுக்கு யார் கொண்டுபோய் விடுறது?" என்றாள்.

"நானே போய்க்குவேன்மா."

"டீச்சரம்மா ஒண்டியாவா போய் இறங்குவாங்க? நான் வர்றேன்" என்றாள்.

வண்டிக்காரர் மாட்டைப் பூட்டினார். நாங்கள் இரண்டு பேரும் வண்டியை விட்டு இறங்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தோம்.